காலி பீரோ

நவம்பர் 3, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். ஏழு மாதமாக வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல, திறந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற சலிப்பு. இனி எழுதுகிறேன், யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று. எல்லாரும் படிக்கட்டும்.

நான் மெக்கானிக்கல் பிரிவில் பதினோரு வருடம் பாடம் நடத்தியவன். உலோகவியலில் எம்.இ. இந்த வருடம் அந்தப் பிரிவில் சேரப் பிள்ளைகள் இல்லை என்று கல்லூரி நிர்வாகம் பிரிவையே மூடி எங்களில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்களை அனுப்பியவர்கள் எங்கள் அசல் சான்றிதழ்களை அனுப்பவில்லை. வேலைக்குச் சேரும் அன்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்திருக்கக் கூடாது என்று விதி உண்டு. விதி சுவரில் தொங்குகிறது, சான்றிதழ் அவர்கள் பூட்டுக்குள் இருக்கிறது. நானாகவே விலகிக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்து, நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் கட்டினால் தருவார்களாம். விரட்டியதும் அவர்கள், அபராதம் கேட்பதும் அவர்கள்.

கரூரில் ஒரு பாலிடெக்னிக் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஜனவரி இரண்டாம் தேதி அசல் சான்றிதழோடு வந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று அதன் முதல்வர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னைக் கூப்பிட வேறு கல்லூரி இல்லை.

அதுவரை காலையில் டியூஷன் சென்டரில் கணக்கு. மதியத்துக்கு மேல் கணபதி பகுதியில் தவசிக்கனி அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் உலோகம் பிரிக்கும் வேலை.

நவம்பர் 5, புதன்

கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று, அரம் ஒன்று, சுத்தியல் ஒன்று. காந்தத்தில் ஒட்டுவதை ஒரு பக்கம் தள்ளவேண்டும். ஒட்டாததில்தான் காசு: செம்பு, பித்தளை, கன்மெட்டல் என்ற வெண்கல வகை, அலுமினியம், எவர்சில்வர். பித்தளையையும் கன்மெட்டலையும் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பார்த்தால் தெரியும். ஒன்று மஞ்சள், மற்றது கொஞ்சம் சிவப்பு. பதினோரு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டும் எந்த மாணவனுக்கும் புரியாத விஷயம் இங்கே ஒரு இழுப்பில் புரிகிறது.

அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். நாலு மணிக்கு டீயும் வடையும் தானே கொண்டுவந்து வைக்கிறார். நான் வேண்டாம் என்றால், "திங்கலன்னா சொல்லுங்க சார், நாய்க்குப் போடுதேன். அது ஒங்கள மாரி மூஞ்சியத் தூக்கி வைக்காது" என்கிறார். சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கல்லூரிக்குப் போனேன். ஆபீஸ் சூப்பிரண்டு கோகிலாமணி அம்மாளைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். ஏழு மாதத்தில் எத்தனை முறை போய் நின்றேனோ, அத்தனை முறையும் அதே முகம், அதே பதில். கணவர் இறந்த பிறகு இதே ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து மேலே வந்தவர். சேர்மன் சொன்னால் வெயிலைக்கூடப் பூட்டி வைப்பார்.

"என்னுங்க சார், கையெல்லாம் இப்படிக் கருத்துக் கெடக்குது?"

"பழைய இரும்பு பிரிக்கிறேன்."

"எந்தக் கடையிலீங்க?"

"எதுக்கு? விருந்துக்கு வரப்போறீங்களா?"

பக்கத்து மேஜைப் பையன் சிரித்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, காத்திருந்தார். சொல்லித் தொலைத்தேன்: "கணபதியில தவசிக்கனி அண்ணாச்சி கடை." கரூர் வேலையையும் தேதியையும் சொன்னேன்.

"சேர்மன் சொல்லாம நான் ஒன்னும் பண்ண முடியாதுங்க சார். வெளியில உக்காருங்க."

சொல்லிவிட்டு, தலைக்கு மேலே மூலையில் இருக்கும் கேமராவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடமையைச் சரியாகச் செய்ததைக் கேமரா பார்த்ததா என்ற கவலை போலும். ஆபீஸ் பூட்டும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் என் மனைவி சாந்தாமணி எலுமிச்சைத் தோலும் சீயக்காயும் வைத்து என் விரல்களைத் தேய்த்துவிட்டாள். கரி போகவில்லை. இருந்தாலும் அவள் விடவில்லை.

நவம்பர் 15, சனி

என்னோடு வேலை போன முத்துக்குமரேசன் பைக்கில் கடையைத் தாண்டிப் போனான். என்னைப் பார்த்தான், பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழு பேரும் ஒன்றாக நின்றிருந்தால் சான்றிதழை அன்றே வாங்கியிருக்கலாம். தானாக விலகுவதாக முதலில் எழுதிக் கொடுத்தவன் இவன். பணம் கட்ட முடியாததால் அவனுக்கும் கிடைக்கவில்லை. இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. நல்லது.

நவம்பர் 22, சனி

இன்று இறங்கிய லோடு என் லேப்.

மூடிய பிரிவின் பட்டறையையும் சோதனைக்கூடத்தையும் கல்லூரி எடைக்குப் போட்டுவிட்டது. வாங்கியவர் அண்ணாச்சி. கோகிலாமணி அம்மாளே போன் செய்து கூப்பிட்டாராம். ஊரில் எத்தனையோ கடை இருக்க, நான் வேலை செய்யும் கடையைத் தேடிப் பிடித்திருக்கிறார். மனுஷனை இன்னும் எவ்வளவு குனிய வைக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

லேத்தின் வார்ப்பிரும்புப் படுக்கை, டிரில்லிங் மெஷினின் தலை, இழுவிசைச் சோதனையில் பையன்கள் இழுத்து இழுத்து உடைத்த கம்பித் துண்டுகள். இடுப்புப் போல் மெலிந்து அறுந்த துண்டுகள் ஒரு கூடை நிறைய. அதை மட்டும் கொட்ட மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு இரும்புக் குவியலில் கொட்டினேன். இரும்புதானே.

"என்ன சார், அழுதியளா?" என்றார் அண்ணாச்சி.

"தூசு."

"எல்லாருக்கும் தூசுதான். இருங்க, டீ வருது."

லோடில் பீரோக்களும் இருந்தன. எல்லாம் திறந்து கிடந்தன, ஒன்று மட்டும் பூட்டியிருந்தது. பச்சை பீரோ. சாவி தொலைந்துவிட்டதாம்.

"சார், அந்த ஆபீசம்மா ஒண்ணு சொல்லிச்சு. அந்தப் பச்சை பீரோவுல கேஸ் கட்டர் வச்சு அறுக்கக் கூடாதாம். ஒங்க கையால, உளி வச்சுத் தொறக்கணுமாம்."

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு தடவ சொல்லிச்சு."

ஏன் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டு அனுப்பிய பிறகும் எனக்கு வேலை ஏவுகிறார்.

நவம்பர் 27, வியாழன்

விடாத மழை. தார்ப்பாய்க்குக் கீழே செம்புக் கம்பிக்குத் தோல் உரித்தேன். நெருப்பில் போட்டு எரித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் செம்பு கருத்து விலை குறையும். அந்தப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. அண்ணாச்சி எரிக்க விடுவதில்லை. அதில் அவர் என்னைவிடக் கறார்.

பச்சை பீரோ மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. நிற்கட்டும். நான் அதன் பக்கமே போவதில்லை.

டிசம்பர் 1, திங்கள்

"அந்தம்மா திரும்பவும் போன் போட்டுச்சு சார். பீரோவத் தொறந்தாச்சான்னு கேக்கு. ஒங்களுக்கும் அதுக்கும் என்ன பகை?"

"எடைக்குப் போட்ட பீரோவைப் பத்தி அவங்களுக்கு என்ன கவலை அண்ணாச்சி? கடைசியில திறக்கிறேன்னு சொல்லுங்க."

"சொன்னேன். 'சரிங்க'ன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் போன வைக்கவே இல்ல."

கரூரிலிருந்தும் போன். முதல்வர் தேதியை நினைவுபடுத்தினார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். காற்றில் எந்த விளக்கும் நிற்கவில்லை. சாந்தாமணி ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாளை உருக்காலை லாரி வருகிறது. முற்றத்தைக் காலி செய்யவேண்டும். மீதம் இருந்தது பச்சை பீரோ. அண்ணாச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, கேஸ் கட்டர் அடிக்கும் சுடலையிடம் அறுக்கச் சொல்லிவிட்டார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அலுமினியம் பிரித்துக்கொண்டிருந்தேன். சுடலை நெருப்பைப் பற்ற வைத்த சத்தம் கேட்டது.

"சார், இதென்ன இப்படி ஒட்டி வச்சிருக்காவ? ரப்பர் நாத்தம் அடிக்கும்லா" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். பீரோவின் கதவு இடுக்கு முழுவதும், மேலிருந்து கீழே வரை, பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. இரண்டு வாரமாக என் கண் முன்னால் நின்ற பீரோ. நான் பார்க்க மறுத்ததால் பார்க்கவில்லை.

காலி பீரோவுக்கு யார் டேப் ஒட்டுவார்கள்?

"நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார். டேப்பை உரித்து, உளியைப் பூட்டில் வைத்து அடித்தேன். நாலாவது அடியோ ஐந்தாவதோ, கதவு திறந்தது. மேல் தட்டில் பாலிதீன் உறையில் கட்டிய பொட்டலங்கள். மூலைகளில் அந்துருண்டை. முதல் பொட்டலத்தில் என் பெயர்.

பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை எல்லாம் இருந்தன. ஏழு பேருடையதும் இருந்தன. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி பொட்டலங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்கு எடுத்துப் போனார். "ஆபீசுக்குப் போன் போடணும்" என்றார்.

"எதுக்கு? அண்ணாச்சி, இது என்னுது. என் போட்டோ ஒட்டியிருக்கு பாருங்க."

"ஒங்களுதுதான், யாரு இல்லங்கா? ஆனா எங்கிட்ட வித்தது நீங்க இல்லல்லா. நான் வாங்குனது தகரம் மட்டும்தான் சார். பீரோக்குள்ள என்ன கெடந்தாலும் அது வித்தவுகளுக்கு. போன வருசம் ஒரு பீரோவுல தாலிக்கொடி கெடந்துச்சு. கொண்டுபோய்க் குடுத்தேன். இன்னைக்கும் அந்தத் தெருவே எனக்குத்தான் இரும்பு போடுது. ஒரு தடவ வாய மூடுனேன்னு வைங்க, அம்புட்டும் போச்சு."

கெஞ்சினேன் என்று எழுதக் கை வரவில்லை. கெஞ்சினேன். கரூரைச் சொன்னேன். ஜனவரி இரண்டைச் சொன்னேன். இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்று சொன்னேன். அவர் கண் கலங்கியது, ஆனால் விரல் போனில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். எதையும் மறைவாகச் செய்யமாட்டார், அதுவும் அவர் வழக்கம்.

"அம்மா, தவசிக்கனி பேசுதேன். பச்சை பீரோ தொறந்தாச்சு. உள்ள வந்து..."

"காலி பீரோங்க அது."

"இல்லம்மா, உள்ள சர்ட்டிபிகேட்டா கெடக்கு. வாத்தியாருமாரு..."

"காலி பீரோன்னு நானே கையெழுத்து வெச்சுக் குடுத்திருக்கறனுங்க. உள்ளுக்குள்ள ஏதாச்சும் இருந்துச்சுன்னா அது நம்ம காலேஜோடது இல்லீங்க. வேற எந்த லோடுல வந்துச்சோ."

"அப்ப ஒங்களுக்கு வேண்டாமா?"

"நம்மளுது இல்லாதது நமக்கு எதுக்குங்க?"

போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை. பிறகு தணிந்த குரலில், "எதுவும் நனையலீங்களே?" என்றார்.

"இல்லம்மா. காஞ்சுதான் கெடக்கு."

வைத்துவிட்டார்.

அண்ணாச்சி என் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார், மற்ற ஆறையும் அதன் மேல் அடுக்கினார். "வித்தவுக வேண்டாம்னுட்டாவ. இனி பீரோவ அறுக்குதவுகளுக்கு. எடுத்துட்டுப் போங்க சார், அவுக மனசு மாறுததுக்கு முன்ன" என்றார். அவர் முகத்தில் என்னைவிடப் பெரிய நிம்மதி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவனுடைய முப்பது வருடப் படிப்பை உடைந்த பீரோவில் போட்டு எடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு அலட்சியம்.

டிசம்பர் 6, சனி

மேலே உள்ள கடைசி வரியைச் சாந்தாமணியிடம் வாயாலும் சொன்னேன். அவள் சான்றிதழ்களைக் கட்டில் மேல் பரப்பி, மின்விசிறியைச் சின்னதாக வைத்துக் காற்றாடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அலட்சியமா வீசுறவங்க அந்துருண்டை போட்டா வீசுவாங்க?"

நான் எழுந்து வெளியே போனேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்தக் கடை என்று கேட்டது. அந்தக் கடையைத் தேடிக் கூப்பிட்டது. கேஸ் வைக்க வேண்டாம் என்றது. என் கையால் திறக்கச் சொன்னது. திறந்தாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அந்த அம்மாள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்? நான் வீம்புக்கு அதை நனையவிட்டுக்கொண்டிருந்தேன்.

வருகிற மே மாதம் ஓய்வு பெறவேண்டியவர். காலி என்று போட்ட கையெழுத்து சேர்மன் கண்ணில் பட்டால் அவர் வேலை மே மாதம்வரை நிற்காது. மரியாதையாகவும் அனுப்பமாட்டார்கள்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

டிசம்பர் 10, புதன்

மற்றவர்களில் ஐந்து பேருக்குச் சான்றிதழை வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டேன். பீரோ பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிடைத்தது, வைத்துக்கொள், யாரிடமும் பேசாதே. அவ்வளவுதான். முத்துக்குமரேசனுடையது மட்டும் அலமாரியில் இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சாந்தாமணி அதைத் தினமும் துடைத்து வைக்கிறாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

போனேன். அவனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தான். பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தவன் அப்படியே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து, தன் டிகிரி சான்றிதழை மோந்து பார்த்தான்.

"அந்துருண்டை வாசம் அடிக்குதுங்க" என்றான். பிறகு, "நான் எழுதிக் குடுத்தது..." என்று ஆரம்பித்தான்.

"காப்பி இருக்கா?" என்றேன்.

கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவன் மட்டும் சும்மா இருக்கவில்லை. காப்பி முடிவதற்குள் எனக்கு ஒரு பாலிசியை விற்றுவிட்டான். இவனைப் பற்றி இனி மோசமாக எழுதினால் என் தவணைக்கே நஷ்டம்.

டிசம்பர் 16, செவ்வாய்

நன்றி சொல்லாமல் கரூருக்குப் போகக்கூடாது என்று கல்லூரிக்குப் போனேன். ஆபீசில் ஒரே பரபரப்பு. உள்ளறையில் சேர்மன் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். ஆபீசை மேல்மாடிக்கு மாற்றியதில் ஏதோ ஃபைல்களைக் காணோமாம்.

நான் கோகிலாமணி அம்மாளின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, "அம்மா, நான் வந்தது..." என்று வாயெடுத்தேன்.

"எத்தன தடவைங்க சார் சொல்றது!" என்று அவர் எழுந்தே விட்டார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "சேர்மன் சொல்லாம சர்ட்டிபிகேட் தர முடியாதுன்னா தர முடியாதுங்க! வாத்தியாருன்னு பார்த்தா தெனமும் வந்து கழுத்தறுக்கறீங்க! இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

பழைய கோபம் முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன்: அவர் கண் என் மேல் இல்லை. என் தலைக்கு மேலே, கேமராவில் இருந்தது. இந்த ஆளுக்குச் சான்றிதழ் போகவில்லை என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையில் சேர்மனின் சத்தம் நின்றிருந்தது.

நானும் மேஜையைத் தட்டினேன்.

"உங்களைச் சும்மா விடமாட்டேன்! கோர்ட்டுக்குப் போவேன்! நீங்க எல்லாம் மனுஷங்கதானா?"

"போங்க! எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் போங்க!"

"என் சாபம் உங்களை விடாது!"

"உங்க சாபத்தத்தான் எட்டு மாசமாப் பார்க்கறனே!"

சேர்மன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் நிலைமையைப் பார்த்துத் திருப்தியாகக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்து மேஜைப் பையன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருடன் சண்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு மனதாரப் போட்டதில்லை.

என்னை வெளியே தள்ளுவது போல் வாசல்வரை வந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, உதடு அசையாமல் சொன்னார்: "கரூர்ல வெயில் சாஸ்திங்க சார். குடை கொண்டு போங்க."

படி இறங்கும்போது கைகூப்பக்கூட முடியவில்லை. கேமரா படியையும் பார்க்கும்.

டிசம்பர் 24, புதன்

அண்ணாச்சி கடையில் கடைசி நாள். இன்றும் பித்தளை பிரித்தேன். "லீவுக்கு வந்தா வாங்க சார், ஒங்க குவியல் அப்படியே கெடக்கும்" என்றார். கரூரிலிருந்து சனி, ஞாயிறு வருவேன். வந்தால் இங்கேயும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். சம்பளம் வந்தாலும் இந்த வருமானம் தேவைதான். தேவையில்லாவிட்டாலும் வருவேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

துணிகளை மடித்து வைத்தாயிற்று. குடையும் வைத்தாயிற்று.

குற்றம் சொல்ல ஆரம்பித்தது இது. தனியார் கல்லூரி ஆசிரியர்கள் புலம்புவதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. என்னைப் போலச் சான்றிதழுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். அவர்கள் ஆபீசுகளிலும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். எல்லாக் கல்லும் கல்தான் என்று முடிவு கட்டவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும். அந்த அம்மாளும் என்றாவது படிக்கட்டும். நேரில் சொல்ல விடமாட்டார்.

இரண்டு நாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். ஊர் அதுவல்ல. பெயர்கள் ஒன்றும் உண்மையில்லை. படித்த படிப்பும் அதுவல்ல. பீரோ என்று எழுதியது பீரோவாகவே இருக்கவேண்டியதில்லை. மாற்றாமல் விட்டது ஒன்று மட்டும்தான், "எதுவும் நனையலீங்களே" என்ற கேள்வி.

முடிவில் என் பெயரை எழுதினேன். ஐம்பத்திரண்டு வருடமாக எல்லாவற்றிலும் என் பெயர் விடுபட்டுவிட்டது என்று சண்டை போட்டவன் நான். கட்டுரையில், அறைக் கதவில், ஆண்டு மலரில். இதில் என் பெயர் இருந்தால், அதிலிருந்து அந்த அம்மாளின் பெயருக்குப் போக ஒரு விசாரணை போதும். அடித்துவிட்டேன்.

சாந்தாமணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெயரில்லாமலே போடுகிறேன்.